கேரட் எலும்பு வைத்த வாத்து

அன்பு மகள் வக்கீலம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். தேவைக்குச் சற்று அதிகமாகவே சுகம். காரணத்தைக் கீழே விவரிக்கிறேன். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, போர்த்திக்கொண்டு தூங்குகிறாய் என்று நம்பி மேலே செல்கிறேன்.

போன வாரம் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போன் செய்து, "லீவு இருக்குப்பா, ஆனா கிறிஸ்துமஸுக்கு வரதா வேணாமான்னு யோசிக்கிறேன்" என்றாய். அப்போது என் எதிரே ஒரு பெரியவர் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுவரில் இருந்த எழுத்துகளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். நான் சொன்ன "சரி, சரி" இரண்டும் அவருக்கானவை. அவற்றை உன் கணக்கில் சேர்த்துக்கொள்ளாதே. வீட்டுப் போனில் பேசலாம் என்றால் அது சமையலறையில் இருக்கிறது. அங்கே இருக்கும்வரை அது பேசுவதற்கான கருவி அல்ல, ஒட்டுக் கேட்பதற்கான கருவி. ஆகவே இந்தக் கடிதம்.

சென்ற கிறிஸ்துமஸ் அன்று நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். ஆனாலும் வக்கீல் என்று செல்லப்பெயர் வாங்கியவளுக்கு வழக்கின் சுருக்கத்தை முதலில் வைப்பதுதான் முறை. உன் மாமா கசாப்புக் கடைக்காரர். ஆண்டுதோறும் தன் கையால் ஒரு வாத்தைத் தேர்ந்தெடுத்து, துணியில் சுற்றி, பிறந்த குழந்தையைப்போல ஏந்தி வருவார். உன் அம்மா அதைக் காலையிலிருந்து அடுப்பில் வாட்டி, மேசையில் வைத்து, நம் முகங்களைப் பார்ப்பாள். சென்ற ஆண்டு அந்த நேரம் பார்த்து நீ, "எனக்கு வேணாம்மா, நான் இனிமே இறைச்சி சாப்பிடறதா இல்ல" என்றாய். "அப்ப இத்தனை வருஷமா நான் உனக்கு விஷத்தையா ஊட்டினேன்?" என்று அவள் கேட்டாள். நீ அதற்கு ஒரு பதில் சொன்னாய். அவள் அதற்கு ஒரு பதில் சொன்னாள். உருளைக்கிழங்கும் வாத்தின் கொழுப்பில் வெந்தது என்பதால் அதையும் ஒதுக்கிவிட்டு, ரொட்டியில் உப்பைத் தூவித் தின்றாய். மறுநாள் முதல் வண்டியில் கிளம்பிவிட்டாய். அன்றுமுதல் இரண்டு அரசுகளுக்கு நடுவே நான் சம்பளமில்லாத தூதர்.

இந்த ஓராண்டில் உன் அம்மா உன் பெயரை ஒருமுறைகூட எடுக்கவில்லை. "அவ" என்றுதான் சொல்வாள். வீட்டில் வேறு "அவ" கிடையாது என்பதால் குழப்பம் எதுவும் ஏற்படவில்லை.

இனி எங்கள் ஆரோக்கியத்தைப் பற்றி. மழை விட்டதிலிருந்து நம் வீட்டில் இறைச்சி நின்றுவிட்டது. எனக்குக் கொழுப்பு ஏறிவிட்டதாகவும், டாக்டர் கண்டித்துச் சொன்னதாகவும் உன் அம்மா அறிவித்தாள். அந்த டாக்டர் என் வாடிக்கையாளர். கண்ணாடி மாற்ற வந்தவரிடம் மெதுவாக விசாரித்தேன். "உங்களுக்கென்ன சார், கல்லு மாதிரி இருக்கீங்க, நல்லா சாப்பிடுங்க" என்றார். இந்தத் தகவலை நான் வீட்டில் தாக்கல் செய்யவில்லை. அரசு ஒரு முடிவெடுத்த பிறகு புள்ளிவிவரங்களைக் கொண்டுபோய் நீட்டுவது குடிமகனுக்கு அழகல்ல.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். உன் அம்மாவின் கையில் புல் கிடைத்திருக்கிறது. காலிஃபிளவரை முழுசாகச் சுட்டாள். முட்டைக்கோஸின் வயிற்றைக் கீறி அரிசியை அடைத்துத் தைத்தாள். நூலை எடுக்க மறந்துவிட்டாள், நான் அதை நார்ச்சத்து என்று எண்ணி விழுங்கினேன். பூசணிக்காய் ஒன்று அடுப்புக்குள்ளேயே வெடித்தது. உன் தம்பி பணிமனையிலிருந்து வரும் வழியில் பொரித்த கோழியைத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, பாலைக் குடித்த பூனையின் முகத்தோடு வந்து உட்காருகிறான். "பசியில்லம்மா, வேலை ஜாஸ்தி" என்கிறான். வேலை ஜாஸ்தியானால் பசி போகும் என்பதை மருத்துவ உலகுக்கு அறிவித்த முதல் மெக்கானிக் இவனாகத்தான் இருப்பான்.

இதெல்லாம் முன்னுரை. போன ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு ஒரு வாத்து வந்தது. பருப்பையும் உருளைக்கிழங்கையும் காளானையும் சேர்த்து அரைத்துப் பிடித்த வாத்து. இறக்கை இருந்தது, கழுத்து இருந்தது. மிளகால் செய்த கண்கள் என்னையே உற்றுப் பார்த்தன. கடைக்கு வந்திருந்தால் மூன்று நம்பர் கண்ணாடி மாட்டி அனுப்பியிருப்பேன், அப்படியொரு பார்வை அது. "இது எதுக்கும்மா?" என்று உன் தம்பி கேட்டான். "சும்மா. கை போன போக்குல பிடிச்சேன்" என்றாள் உன் அம்மா. கை போகிற போக்கில் யாருக்கும் அலகு வராது என்று நான் நினைத்தேன், நினைத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

அன்றைக்கென்று உன் மாமா வந்துசேர்ந்தார், இந்த ஆண்டு வாத்துக்கு எவ்வளவு எடை வேண்டும் என்று கேட்க. "வாத்து வேணாம்டா. இதோ, இதை வெட்டு" என்று கத்தியைக் கொடுத்தாள் உன் அம்மா. அக்கா பேச்சைத் தட்டாத மனிதர். மேசையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். தொடைப் பக்கம் விரலால் அமுக்கிப் பார்த்தார். பிறகு மிகுந்த சங்கடத்தோடு, "அக்கா, இதுல எலும்பே இல்லையே, நான் எந்த மூட்டுல வெட்டறது?" என்றார். அவர் தொழில் தெரிந்தவர். மூட்டில்லாத பிராணியின் மேல் கத்தி வைக்க அவருக்கு மனம் வரவில்லை. கடைசியில் வைத்தார். வாத்து சரிந்து கஞ்சியாகிவிட்டது. நாங்கள் கரண்டியால் சாப்பிட்டோம். ருசி நன்றாகவே இருந்தது, இதை முகத்துதி என்று எண்ணவேண்டாம். உன் தம்பி கோழியைத் தின்றுவிட்டு வந்தும் இரண்டாம் முறை போட்டுக்கொண்டான்.

சாப்பிட்டபின் உன் அம்மாவும் மாமாவும் பின்கட்டில் பாத்திரம் கழுவினார்கள். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று உன் தம்பி பிறகு சொன்னான். உன் மாமா, "ஏன்க்கா, ஒருத்திக்காக நம்ம எல்லாருமா? அவளுக்கு மட்டும் ஏதாச்சும் பண்ணி வெச்சுடேன். எனக்கு வாத்து இல்லாம கிறிஸ்துமஸா? என் தொழிலுக்கே அவமானம்க்கா" என்றார். உன் அம்மா கையிலிருந்த தட்டைத் தேய்த்து முடித்தாள். குழாயை மூடினாள். பிறகு சொன்னாள்: "அவ வேணாம்னு சொன்னது போகட்டும்டா. வயசுப் பொண்ணு, ஏதோ நெனைக்கிறா. நான் ஊருக்கே ஆக்கிப் போட்டேன், எம் பொண்ணு எம் மேசைல உப்பும் ரொட்டியும் தின்னுட்டுப் போனாடா. எல்லாரும் சாப்பிடற தட்டுல அவளும் சாப்பிடணும். தனியா ஒரு கிண்ணத்துல வெச்சு ஆஸ்பத்திரி சாப்பாடு மாதிரி குடுக்கச் சொல்றியா?"

உன் மாமா பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிவிட்டுப் போனார். மறுநாள் கடையை மூடிவிட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறார். காலிஃபிளவர்களைத் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, காய்கறிக்காரியிடம், "இளசா இருக்கா? எப்ப வெட்டினது?" என்று விசாரித்திருக்கிறார். ஒன்றைத் துணியில் சுற்றி, வழக்கம்போல் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்து அக்காவிடம் கொடுத்தார். கேரட்டைச் சீவி, பருப்பு வாத்தின் தொடையிலும் இறக்கையிலும் செருகினால் வெட்டுவதற்கு வாகாக இருக்கும் என்பது அவருடைய யோசனை. நேற்று அப்படிச் செய்த வாத்து நிமிர்ந்து நின்றது. அவர் மூட்டு மூட்டாகப் பிரித்துக் கொடுத்தார். முகத்தில் தொழில் கௌரவம் திரும்பியிருந்தது. கிறிஸ்துமஸ் மேசைக்கு இதுதான் என்று முடிவாகிவிட்டது. இறைச்சி எதுவும் கிடையாது, எனக்கும் கிடையாது. என் கொழுப்பைக் காரணம் காட்டியே அறிவித்திருக்கிறார்கள்.

கொள்கை விஷயத்தில் உன்னிடம் வாதாட நான் தயாரில்லை, வாதாடி ஜெயித்ததும் இல்லை. உன் அம்மா மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்து வராதே. நீயும் கேட்க வேண்டாம். அந்த மாதிரிப் பேச்சைத் தொடங்கினால் சாப்பாடு ஆறிப்போகும். வாசலில், "ஏன் இப்படி இளைச்சுட்டே?" என்பாள். நீ இளைத்திருந்தாலும் இளைக்காவிட்டாலும் "ஆமாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடு. எந்த வண்டி என்று மட்டும் கடைக்குப் போன் செய்து சொல். தம்பி நிலையத்தில் நிற்பான்.

இன்னொன்று. கேக்கில் முட்டை போட்டால் சாப்பிடுவாயா, மாட்டாயா? பால், வெண்ணெய் பரவாயில்லையா? மாட்டாயென்றால் முன்கூட்டியே தெரியவேண்டும், ஒன்றிரண்டு முறை செய்து பார்க்கவேண்டியிருக்கும். இது என் சொந்த ஆவலில் நானாகக் கேட்கும் கேள்வி. நானாகக் கேட்பதாகவே எழுதச் சொல்லி, எழுதிவிட்டேனா என்று பார்க்க உன் அம்மா இப்போது என் தோளுக்குப் பின்னால் நிற்கிறாள்.

பசியோடு வந்து சேர், கண்ணு.

ஆசிகளுடன்,
அப்பா