வண்டு பார்த்த வாகனம்

அன்று நீங்கள் கேட்டபோது, "அது சட்டப்படி சரியாக இருந்திருக்கலாம் அம்மா" என்று நான் சொல்லவில்லை. "பார்க்க வேணும்" என்று மட்டும் சொன்னேன்.

இன்று, வன்னியிலிருந்து நாம் வந்து குடியேறிய இந்த வெளிநாட்டு நகரத்தில், கால்சா கடற்கரையில் கல்யாணப் படப்பிடிப்பு. மணமக்களின் தலைக்கு மேல் ஒரு ட்ரோன் இரைந்துகொண்டு நின்றது. நான் நம் பல்கணியில் காயும் வெள்ளை விரிப்புகளைப் பார்த்தேன். நீங்கள் இருந்திருந்தால் ஈரத்தோடே உள்ளே இழுத்திருப்பீர்கள். வன்னியில் வேவு விமானத்தை வண்டு என்பீர்கள். அது இரைந்தால், மேலிருந்து தெரியாதபடி அடுப்பை அணைத்து, கொடியிலிருந்து வெள்ளைத் துணிகளை எடுப்பது வழக்கம். அந்தப் பழக்கத்தில் ஒருமுறை, நீங்கள் வேலை செய்த வீட்டு எசமானி சின்யோராவின் விரிப்புகளை ஈரத்தோடு சுருட்டி வைத்து, அவை பூஞ்சணம் பிடித்துவிட்டன. "ஏன் எண்டு கேட்டவ. மழை வரப்போகுது எண்டு சொல்லிப்போட்டன் பிள்ளை, ஒரு துளியும் பெய்யாத ஆகஸ்ட் மாசத்திலை" என்று சிரித்தீர்கள்.

பயங்கரவாதி என்று ஓர் அரசு சொல்லும் ஒருவரை ட்ரோனால் கொல்வது எப்போது சட்டத்துக்குள் வரும், பக்கத்தில் இருந்தவரும் இறந்தால் அது குற்றமா என்பதுதான் சட்டப் படிப்புக்கான என் ஆய்வேடு. ஒருநாள் நான் அதை விளக்க, கபோ சந்தையில் வாங்கிய போஞ்சியை முறித்தபடி கேட்டுக்கொண்டிருந்தீர்கள். உங்கள் காலத்து வண்டு பார்த்தது மட்டும்தான், இப்போது பார்ப்பதும் அடிப்பதும் அதுவே என்றேன். அன்றுதான் மாமாவின் கதையை முழுதாகச் சொன்னீர்கள்.

அப்போது எனக்கு ஐந்து வயது, கடும் காய்ச்சல். உங்கள் தம்பி மருந்து வாங்கப் புறப்பட்டார். வழியில் போராளிகளோடு வந்த இயக்க வாகனத்தை நீங்களே மறித்து அவரை ஏற்றிவிட்டீர்கள். மேலே வண்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் அரசின் கிபிர் போர் விமானம் வந்து வாகனத்தை அடித்தது, மாமா இறந்தார்.

"அவன் இயக்கமில்லை. அடிச்சது குற்றம்தானே?"

"பார்க்க வேணும்" என்றேன்.

"அவையளிலை குற்றமில்லையெண்டா, ஏத்திவிட்ட என்னிலைதானே?"

விடை எனக்குத் தெரியும். போராளிகள் போகும் வாகனம் போரில் இலக்குத்தான். உள்ளே ஒரு பொதுமகன் இருந்தால், தாக்குவதால் கிடைக்கும் இராணுவப் பயனோடு அவர் உயிரையும் வைத்து நிறுக்கச் சொல்கிறது சட்டம். நிறுத்தார்களா என்பது விசாரித்தால்தான் தெரியும். யாரும் விசாரிக்கவில்லை. ஆய்வேட்டை ஒப்படைத்த பிறகு உங்களிடம் ஆறுதலாகச் சொல்லலாம் என்றிருந்தேன்.

ஒப்படைப்பதற்கு முந்தைய வாரம், வியா மக்வேதா தெருவில் சின்யோரா வீட்டுப் படியில் உங்களுக்கு மாரடைப்பு வந்தது, அங்கேயே போய்விட்டீர்கள்.

கடைசி அத்தியாயத்தில், பெயர் சொல்லாமல், அந்த வாகனத்தைப் பற்றி எழுதினேன். தாக்குதல் சட்டத்துக்கு உட்பட்டதாக இருந்திருக்கலாம் என்று ஒரு வசனம். அப்படியே இருந்தாலும், அவரை ஏற்றிவிட்ட அக்காவில் எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை என்று இன்னொரு வசனம். இரண்டாவது ஆய்வுக்குத் தேவையில்லை, எடுத்துவிடு என்றார் பேராசிரியர். நான் எடுக்கவில்லை. அதற்காக மதிப்பீட்டில் ஒரு புள்ளி குறைத்தார்கள்.