படிக்காமல் விட்ட கடைசிப் பக்கம்

மாரிகுப்பம்,
14.10.2000, சனிக்கிழமை இரவு

அன்புள்ள டக்ளஸ் அண்ணனுக்கு,

தங்கை ஐடா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அப்பா சுகம். அம்மா சுகம். நான் மட்டும் பயந்துபோயிருக்கிறேன். அடுப்பங்கரைக் கதவைச் சாத்திக்கொண்டு, மெழுகுவர்த்தித் துண்டை டம்ளருக்குள் நிறுத்தி, கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதுகிறேன். இது துபாய்க்கு வந்து சேரப் பத்து நாளாவது ஆகும். நீயோ மாதம் ஒருமுறை பேசுகிற வழக்கப்படி நாளை சாயங்காலம் ஐந்து மணிக்கே ஜம்புலிங்கம் கடைக்குப் போன் செய்துவிடுவாய். எழுதிப் பயனில்லை என்று தெரியும். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

உன் போன கடிதத்தின் கடைசிப் பக்கத்தை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

ஜம்புலிங்கம் கடைச் சுவரில் அப்பா மாட்டியிருக்கும் பலகை நீ ஊரில் இருந்தபோது கிடையாது. தங்கச் சுரங்கத்தில் ஷாஃப்டை மூடி அப்பாவை வீட்டுக்கு அனுப்பிய வருஷம், பழைய தகரம் ஒன்றுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து அவரே மாட்டினார். சுரங்கத்து வாசலில் எந்த ஷாஃப்ட் அந்த மாதம் எத்தனை அடி பாறை குடைந்தது என்று எழுதிப்போடுவார்களே, அதே மாதிரி மூன்று கட்டம். பென்ஸ், பி.எம்.டபிள்யூ, ஆடி. உங்கள் தெருவில் இருக்கும் மூன்று ஷோரூமிலும் அந்த மாதம் எத்தனை வண்டி போனது என்று நீ எழுதுவதை நான் பெட்டி மேல் ஏறி நின்று சத்தமாகப் படிப்பேன். அப்பாவுக்குப் பொடி எழுத்து தெரிவதில்லை. கேட்டுக்கேட்டுப் பெரிய எழுத்தில் பலகையில் எழுதுவார்.

இப்போது அங்கே இருபது பேராவது கூடுகிறார்கள். நீ வேலை செய்வது பென்ஸில், அதனால் அப்பா பக்கம் எல்லாம் பென்ஸ் கட்சி. ஃபேக்டரியில் வேலை செய்யும் வாசு அண்ணன் பி.எம்.டபிள்யூ கட்சிக்குத் தலைவர். ஒருவரும் அந்த வண்டிகளில் ஏறியதில்லை. ஆனாலும் போன மாதம் பென்ஸ் நான்கு வண்டி வித்தியாசத்தில் ஜெயித்ததற்கு அப்பா எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். வாசு அண்ணன், "இன்னா கிளாரன்ஸண்ணே, நாலு வண்டிக்கு இந்த ஆட்டமா? அமெரிக்காவுல பாருங்க எங்காளுங்கள" என்றார். அதற்கு அப்பா, "அமெரிக்காவுக்கு நீ போய் எண்ணிட்டு வா. எங்க கணக்கு எம்புள்ள எண்ணின கணக்கு" என்றார்.

எனக்கும் அந்தப் பெருமை உண்டு அண்ணா. பூகோள வகுப்பில் ஜெர்மனி வந்தபோது நான் எழுந்து நீ எழுதியதையெல்லாம் சொன்னேன். துபாயில் வண்டி வாங்குகிறவர் பின்சீட்டில் உட்காருகிறார், அதனால் பென்ஸ். அமெரிக்காவில் சொந்தக்காரரே ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறார், அங்கே பி.எம்.டபிள்யூவை லேசில் தள்ள முடியாது. சீனாவில் பெரிய அதிகாரிகள் ஆடியில் போகிறார்கள். மூன்று பேரும் ஒரே நாட்டுக்காரர்கள், ஆனால் ஊருக்கு ஊர் ஒருவரை ஒருவர் முந்தப் பார்க்கிறார்கள். எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று நேத்ரா மிஸ் கேட்டார். எங்கள் அண்ணன் கடிதத்தில் என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

அப்படிப்பட்ட நீ, வருகிற மாதம் முதல் எதிர் ஷோரூமுக்குப் போகிறேன் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாய். பி.எம்.டபிள்யூவில் விற்பனைக்கு உன்னையே பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்றும், பழைய முதலாளியே கைகொடுத்து அனுப்புகிறார் என்றும் எழுதியிருந்தாய். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. ஆனால் நிமிர்ந்து பார்த்தால் கையில் சாக்பீஸோடு அப்பா. பக்கத்தில் வாசு அண்ணன். "அவ்ளோதான்" என்று மடித்துவிட்டேன். இன்றோடு பதினோரு நாள்.

நான் ஏன் பயப்படுகிறேன் என்று உனக்குத் தெரியும். எட்மண்ட் சித்தப்பாவை நினைத்துத்தான். ஆறு வருஷத்துக்கு முன், ஷாஃப்டுகளுக்குள் நடந்த பாறை குடையும் போட்டி முடியப் பதினைந்து நாள் இருக்கும்போது, சித்தப்பா அப்பா மேஸ்திரியாக இருந்த ஷாஃப்டை விட்டு அடுத்த ஷாஃப்டுக்கு மாறினார். சித்தி படுத்த படுக்கையாக இருந்தாள், அங்கேதான் பகல் ஷிஃப்ட் கிடைத்தது. அப்பா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சித்தப்பாவின் ஷாஃப்ட் ஷீல்டை வாங்கியது. தோற்ற பக்கத்து மேஸ்திரிதான் ஜெயித்தவன் கணக்கைத் தன் கையால் பலகையில் எழுத வேண்டும் என்பது அங்கே வழக்கம். அப்பா எழுதவில்லை. சாக்பீஸை வீசிவிட்டு வந்துவிட்டார். அன்று நின்ற பேச்சுதான். ஒரே லைனில் மூன்று வீடு தள்ளி இருந்துகொண்டு, குழாயடியில் சித்தப்பா வந்தால் அப்பா குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்.

கூடப்பிறந்தவருக்கே அப்படியென்றால் உனக்கு?

அப்பா இந்தப் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடுவதுமில்லை. களியைப் பிசைந்துவிட்டு அப்படியே கை கழுவுகிறார். ஞாயிறுகூட இல்லை, வியாழக்கிழமை தனியாகக் கோயிலுக்குப் போய்வந்தார். பி.எம்.டபிள்யூ நெருங்கிவிட்டது, அந்தக் கவலை என்று அம்மா சிரிக்கிறாள். நாளை எல்லோர் முன்னாலும் போனை அப்பாதான் எடுப்பார். நீ மறைக்கத் தெரியாதவன்.

மெழுகுவர்த்தி முடிகிறது. மீதியை நாளை எழுதுகிறேன், எழுத மனம் இருந்தால்.

15.10.2000, ஞாயிறு

அண்ணா, மேலே உள்ளதைக் கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். வேண்டாம், படி. நீ போனை வைத்த பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

நீ சொல்லச்சொல்ல அப்பா "ம்" மட்டும் கொட்டினார். "எப்போலேந்து? ... யார் பொறுப்பு, நீயா? ... உடம்பு நல்லாக்கீதா?" என்று கேட்டார். உடம்பைப் பற்றி மூன்று தடவை கேட்டது உனக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். போனை வைத்துவிட்டு அப்பா, ஜம்புலிங்கம் அண்ணனுடைய ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வாசு அண்ணன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "இன்னாண்ணே, புள்ள எங்க கட்சிக்கு வந்துட்டானாமே. நீங்களும் வாங்க, எடம் வெச்சிருக்கோம்" என்றார். யாரோ சிரித்தார்கள்.

அப்பா அவரைப் பார்க்கவில்லை. என்னைக் கூப்பிட்டார். "கடைசி தாள எங்க வெச்ச?" என்று கேட்டார்.

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது அண்ணா. கடிதத்தை உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தது அவர்தானே. மூன்று தாள் என்று விரல் எண்ணிவிட்டது. நான் இரண்டைத்தான் படித்தேன். சுரங்கத்தில் வெடித்திரியைத் தடவியே எண்ணிய விரல். இருட்டிலும் தப்பாது என்பதை நான் யோசிக்கவே இல்லை. நான் அழுதுகொண்டே பாவாடை மடிப்பிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் தலையில் கை வைத்தார். "பன்னெண்டு நாளா நான் இன்னா இன்னாவோ நெனச்சுக்கினேன். வேல பூட்ச்சோ, கைகால் பூட்ச்சோன்னு. கேக்கவும் பயம். கட்சி மாறினதுக்கா இத்தினி ஒளிச்சு வெச்ச?" என்றார். அப்பாவுக்குப் பயம் உண்டு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு, "போய் எட்மண்ட இட்டுனு வா" என்றார்.

நான் ஓடினேன். சித்தப்பா துணி அலசிக்கொண்டிருந்தார். அப்பா கூப்பிடுகிறார் என்றதும் யாருக்கு என்ன ஆயிற்று என்றுதான் கேட்டார். சோப்பு நுரை கையோடு வந்தார்.

அப்பா எழுந்து நின்று, "அன்னைக்கு எழுதாம பூட்டேன். எத்தினி அடி, சொல்லு" என்றார். சித்தப்பா நுரைக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே நின்றார். அப்பாவே பலகையின் உச்சியில், மூன்று கட்டத்துக்கும் மேலே, 142 என்று எழுதினார். ஆறு வருஷமாக அவருக்கு அது மறக்கவில்லை.

வாசு அண்ணன் மெதுவாக, "இது இன்னா வண்டிண்ணே?" என்று கேட்டார். "இது எங்க வூட்டு வண்டி" என்றார் அப்பா. அப்புறம் பி.எம்.டபிள்யூ கட்டத்துக்குப் பக்கத்தில், நீ வழக்கமாக உறையில் எழுதுகிற மாதிரியே, டி. கிளாரன்ஸ் என்று உன் பெயரை எழுதினார். சாக்பீஸ் உடைந்தது. துண்டைச் சித்தப்பா குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்.

அப்பாவைப் பார்த்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. உன்னைப் பார்த்து வருகிற பெருமையைப் போலவே, கொஞ்சம் அதிகமாகவும்.

இன்று ராத்திரி சித்தப்பா நம் வீட்டில்தான் சாப்பிட்டார். அப்பா இரண்டு உருண்டை களி தின்றார். அப்பா சொல்லி எழுதாமல் நானாக எழுதுகிற கடிதம் இது ஒன்றுதான், அதனால் கேட்கிறேன்: இனிமேல் முக்கியமானதை முதல் பக்கத்திலேயே எழுது. சித்தப்பாவுக்கும் தனியாக ஒரு வரி போடு. கிறிஸ்துமஸுக்கு லீவு தருவார்களா என்று புது முதலாளியைக் கேள். பலகைக்கு முன்னால் உன்னை நிறுத்தி ஜம்புலிங்கம் அண்ணன் கேமராவில் படம் எடுக்க வேண்டுமாம். அப்பா நேராகச் சொல்ல மாட்டார், ஜம்புலிங்கம் அண்ணன் சொன்னதாகத்தான் சொல்வார்.

படுக்கப் போகுமுன் ஜெபத்தில் அப்பா, வருகிற மாதம் உன் புது ஷோரூம் ஜெயிக்க வேண்டும் என்று கேட்டார். ஆமென் சொல்லப் போனோம், நிறுத்தினார். பென்ஸும் ரொம்ப விழுந்துவிடக்கூடாது ஆண்டவரே என்று சேர்த்துக்கொண்டார். இரண்டையும் கேட்டு ஆண்டவர் உன்னைக் காப்பாற்றுவாராக.

உன் பாசமுள்ள தங்கை,
ஐடா