வியாழக்கிழமை இரண்டு மணி வகுப்பு

என் அன்பு அண்ணியே, அடியே செல்வி,

ஊர் முன்னால் அண்ணி, போனில் அடியே. என்னோடு ஒரே பேட்சில் நர்ஸ் பயிற்சி முடித்தவள் என் அண்ணனையே கட்டிக்கொண்டு வந்தால் வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோய் ஆறு மாதம் ஆகிறது. எனக்கு மெமோ வந்திருக்கிறது. சிரிக்காதே.

குற்றம் என்ன தெரியுமா? பணி நேரத்தில் செல்போனில் அரட்டை. வியாழக்கிழமை இரண்டு மணிக்கு, குன்னம் பக்கத்தில் இருக்கும் என் துணை சுகாதார நிலையத்துக்குள் சூப்பர்வைசர் நுழைந்தார். நான் காதில் போனோடு தா.பழூர் சிஸ்டருக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அரட்டையா அது? பயிற்சி என்று பெரம்பலூருக்கு ஒரே ஒருத்தியைக் கூப்பிடுவார்கள். அவள் புதிதாகக் கற்றுக்கொண்டு வருவாள்; மற்றவர்கள் பழையதையே செய்துகொண்டிருப்போம். “நான் மட்டும் படிச்சு என்னடி பண்றது?” என்று நீதான் ஆரம்பித்தாய். வேப்பந்தட்டைக்கு மேற்கே உன் சென்டருக்குள் டவர் கிடைக்காது. வியாழக்கிழமைதோறும் இரண்டு மணிக்கு மொட்டை மாடியில் குடை பிடித்து நின்று போனில் நோட்டைப் படிப்பாய். அதை நான் பார்க்காமல் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால்தான் அடுத்தவளைக் கூப்பிடலாம். அது உன் சட்டம்.

ஒருமுறை, பிரசவம் ஆனதும் ரத்தப்போக்குக்குப் போடும் ஊசியைப் பற்றிக் கேட்டாய். “குழந்தை வந்ததும் போட்டுடணும்” என்றேன். வருஷக்கணக்கில் கை பழகிய பதில். நீ கத்தின கத்தலில் என் காது அடைத்துவிட்டது.

“அடியே, பிரஷர் பாத்தியா? பிரஷர் ஏறின பொம்பளைக்கு அந்த ஊசி ஆகாதுடி. மிஷினை அலமாரிக்கு அழகுக்கா வச்சிருக்க? திருப்பிச் சொல்லு!”

ஐந்து முறை சொல்ல வைத்தாய். கோபத்தில் போனை வைத்துவிட்டேன். நீயே மறுபடி கூப்பிட்டு ஆறாவது முறையும் சொல்ல வைத்தாய்.

உன் காரியம் முடிந்த மறு மாதம், பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருத்தி வலி கண்டு என் சென்டருக்கே வந்துவிட்டாள். குழந்தை பிறந்தது, ரத்தம் நிற்கவில்லை. என் கை தானாக அந்த ஊசிக்குப் போனது. உன் குரல் கேட்டது என்றெல்லாம் கதை விடமாட்டேன். ஆறு முறை சொன்னது வாயில் வந்தது, அவ்வளவுதான். பிரஷர் பார்த்தேன், ஏறியிருந்தது. வேறு ஊசியைப் போட்டு, வயிற்றைத் தேய்த்துக்கொண்டே வண்டியில் பெரியாஸ்பத்திரி வரைக்கும் போனேன். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். இதை உன்னிடம் சொல்ல முடியாமல் எவ்வளவு அழுதேன் தெரியுமா?

மெமோவுக்கு விளக்கம் எழுத ஆரம்ப சுகாதார நிலைய ஆபீஸுக்குப் போனேன். கிளார்க் எனக்கு நல்லது செய்வது போலப் பேசினார்.

“சிஸ்டர், ஒரே வரி எழுதுங்க. செல்விதான் ஆரம்பிச்சாங்க, நாங்க வெவரம் தெரியாம சேந்துட்டோம்னு. செத்தவங்க மேல யாருங்க நடவடிக்கை எடுக்கப் போறா? உங்களுக்கும் ஒண்ணும் வராது.”

உன்னிடம் மறைப்பானேன்? பேனாவை எடுத்தேன். ‘செல்வி’ என்று எழுதியும்விட்டேன். எங்கேயோ மாற்றிவிட்டால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற பயம். எழுதிய பெயரைப் பார்த்ததும் என் மேலேயே ஆத்திரம் வந்தது. ஓர் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவளை நானே குற்றவாளி ஆக்குவதா? அதுவும் பதில் சொல்ல நீ இல்லாத நேரத்தில்?

தாளைக் கிழிக்கவில்லை. உன் பெயருக்குப் பின்னாலேயே தொடர்ந்தேன்: ‘செல்வி தொடங்கிய வகுப்பு இது. இப்போது நடத்துவது நான். வியாழக்கிழமை இரண்டு மணிக்கு இனியும் நடக்கும்.’ கையெழுத்துப் போட்டு டாக்டரிடம் நீட்டினேன்.

படித்துவிட்டு, “இதை மாவட்டத்துக்கு அனுப்பினா உங்களுக்குத்தான் கஷ்டம்மா” என்றார்.

“அனுப்புங்க சார். அங்கயாவது யாராச்சும் முழுசாப் படிக்கட்டும்.”

இன்னும் பதில் வரவில்லை. எந்த மூலைக்குத் தூக்கிப் போட்டாலும் போடட்டும். அங்கேயும் ஒரு சிஸ்டர் இருப்பாள், அவளிடமும் ஒரு போன் இருக்கும். நீ செய்தது தப்பு என்று என் கையால் ஓர் எழுத்துகூட எழுத மாட்டேன். இது சத்தியம்.

உன்னோடு படித்து உனக்கு உறவான நாத்தனார்,
மலர்