மேல் தட்டுக்கு எட்டும் வழிகள்

தி. 12-11-51. விடியலிலிருந்து மழை.
அ. குருசாமி, வயது ஐம்பது, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, உயரம் நாலடி எட்டங்குலம். உயரமான என் மனைவி கமலம் தங்கையின் பிரசவத்துக்காகச் சுங்கை ரம்பாய் போயிருக்கிறாள். சனி வரை எதையும் எடுத்துத்தர ஆளில்லை. குள்ளமானவன் தன் வீட்டில் தனியே புழங்கும் வழிகளை வரிசைப்படுத்துவதே இக்குறிப்பின் நோக்கம்.
1. துணிக்கொடியை இறக்கிக் கட்டுதல். வேட்டியை நான்காக மடித்துப் போடவும்; இல்லையேல் தரையில் படும்.
2. மேல் தாழ்ப்பாளுக்குப் பிரம்பு, நுனியில் வளைந்த ஆணி.
3. காப்பித்தூள், சீனி: இடுப்புக்கு மேல் வைக்கலாகாது.

பு. 14-11. வெயில்.
4. முக்காலி, ஒன்றரை அடி. தச்சர் கொடுத்துவிட்டார். தூக்கி வரும்போது கங்காணி: "கிராணி ஐயா, இதுல ஏறினா தொரையவே குனிஞ்சு பார்ப்பீங்க போலலா."
துரையின் உத்தரவு. தொழிலாளர் லயத்து வீடுகள், என் வீடு உட்பட, அரிசி இருப்பை நேரில் பார்த்துத் திங்களுக்குள் கையொப்பமிட்ட பட்டியல். பங்கீட்டுக்கு மேல் இருந்தால் காட்டிலிருந்து சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்கென்றே கொள்ளப்படும். கைது.

வி. 15-11.
முக்காலி ஆடவில்லை. அடுக்களை மேல் தட்டைத் துடைக்க ஏறினேன், பன்னிரண்டு வருடத்தில் முதன்முறை. தூசியே இல்லை. பிஸ்கட் டின். உள்ளே முக்கால் பங்கு அரிசி. மேலே செல்வத்தின் சட்டை, துவைத்து மடித்தது.
செல்வம், கமலத்தின் தம்பி. சித்திரையில் காணாமற்போனவன், காட்டுக்குள் போய்விட்டதாகப் பேச்சு. தோட்டத்து ஆட்களின் பெயர்ப்பட்டியலில் அவன் பெயரை அடித்தவன் நான்.
அன்று முதல் இவள் "பசிக்கலைங்க" என்றே பாதிச் சோறு உண்டாள். நம்பினேன்.
டின்னை இருந்தபடியே வைத்தேன்.

சனி 17-11. தூறல்.
நண்பகல் பஸ்ஸில் கமலம். முக்காலியைப் பார்த்தாள், பையைக் கீழே வைக்கவில்லை.
"உங்களுக்கு எட்டாதுன்னுதான் அங்க வெச்சேன்."
அவன் வந்தானா என்றேன். இதுவரை ஒருவரும் வரவில்லையாம். சட்டத்தை எடுத்துரைத்தேன். முழுதும் கேட்டாள்.
"எழுதுங்க. என் பேரைப் போட்டே எழுதுங்க. என் பங்குலேந்து எடுத்ததுதான். வந்தான்னா அவனப் பட்டினியா அனுப்ப என்னால முடியாது."

ஞா. 18-11. மீண்டும் மழை.
முப்பத்தொரு வீடுகள் முடிந்தன. என் வீட்டுக் கட்டம் மட்டும் காலி. இருபத்தேழு வருட உத்தியோகத்தில் ஒரு பொய் எழுதியதில்லை.
இன்றும் அவள் தட்டில் பாதிச் சோறு.
வழி 4 நீக்கப்படுகிறது. நாளைக் காலை முக்காலியை உடைத்து அடுப்பில் வைப்பேன். பிறகு அடுக்களைத் தரையில் நின்று, கண்ணில் படும் அரிசியை மட்டும் எழுதிக் கையொப்பமிடுவேன்.