உம்மா மூன்று கோப்பை குடித்த சூப்

786

முத்துப்பேட்டை
2.1.1999, நோன்பு பதிமூன்று

அன்பு மகன் ஃபாஜிலுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம், உம்மா சுகம், நன்னிலத்தில் உன் தங்கை ஃபஹ்மிதா வீட்டிலும் எல்லாரும் சுகம். நீயும் மர்யமும் அந்தக் கனடாப் பனியில் எங்கேயும் வழுக்கி விழாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சுகம் விசாரித்தாகிவிட்டது, இனி என்னால் பொறுக்க முடியாது. ஒரு சேதி வைத்திருக்கிறேன், அதை முதலிலேயே சொன்னால் மற்றதை நீ படிக்க மாட்டாய், அதனால் சொல்ல மாட்டேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காதே, உன் புத்தி எனக்குத் தெரியும். எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிப்போய் உனக்குச் சொல்லிவிடலாம் என்று நேற்று சட்டைகூட மாட்டிவிட்டேன், ஆனால் இந்தக் கதையை மீட்டர் ஓட ஓடச் சொல்ல முடியுமா, பாதியில் சிரிப்பு வந்துவிட்டால் சிரிப்புக்கும் சேர்த்து அல்லவா பில் வரும், அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன்.

இங்கே மார்கழிக் குளிர் இந்த வருஷம் ரொம்ப அதிகம். உனக்குச் சிரிப்பு வரும், உங்கள் ஊரில் தண்ணீரே கல்லாகிவிடுகிறதாம், ஆனால் காயலிலிருந்து வருகிற ஈரக்காற்று இருக்கிறதே, அது எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. உன் உம்மாவுக்கு நோன்பு ஆரம்பித்த மூன்றாம் நாளே சளி பிடித்து இருமல் வந்துவிட்டது. நோன்பை விடு, பிறகு வேறு நாளில் நோற்றுக் களா செய்துகொள்ளலாம் என்று நானும் டாக்டரும் சொல்லிப் பார்த்தோம், கேட்டால்தானே. நோன்பு திறக்கும்போது ஒரு பேரீச்சம்பழம், அரை டம்ளர் வெந்நீர், பள்ளிவாசல் கஞ்சியில் இரண்டு வாய், அவ்வளவுதான், நாக்குக்கு ஒன்றும் பிடிக்கவில்லை என்று பாயில் போய்ப் படுத்துக்கொள்வாள். வளையல் முழங்கை வரை ஏறுகிறது என்று அவளே தூக்கிக் காட்டினாள், எனக்கு உள்ளே பயம்தான்.

இந்த நேரத்தில்தான் ஜெக்கரியா மகன் லீவில் வந்தவன் நீங்கள் கொடுத்துவிட்ட பார்சலைக் கொண்டுவந்து தந்தான். அதை உம்மா எப்படி வாங்கினாள் என்று நீ கேட்க மாட்டாய், தெரியும். போன வருஷம் நீ அங்கேயே நிக்காஹ் முடித்துவிட்டு, போஸ்னியாக்காரப் பெண், தீன்தாரி, மார்க்கம் பேணுகிற நல்ல பெண் என்று போனில் சொன்னாயே, அன்றிலிருந்து பதினோரு மாதம், டெலிபோன் மணி அடித்தால் உன் உம்மா கொல்லைக்குப் போய் நின்றுகொள்வாள். நீ போனை வைத்த பிறகுதான் உள்ளே வருவாள். மழை பெய்தாலும் போவாள், ஒரு தடவை முக்காட்டின் மேல் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு நின்றாள். பெத்தவகிட்ட ஒரு வார்த்தை கேட்டானா என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அந்தப் பெண்ணின் கையால் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று வேறு சொல்லிவைத்திருந்தாள்.

பார்சலைப் பிரித்தோம். எனக்கு ஸ்வெட்டர், உம்மாவுக்குச் சால்வை, மர்யம் இங்கிலீஷில் எழுதிய கடிதம், அப்புறம் அந்த மாலை. சிவப்பு நூலில் கோத்து, சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சாம்பல் நிறத்தில் காய்ந்த ஏதோ சாமான். பார்த்ததும் உன் உம்மா இரண்டு அடி பின்னால் போய்விட்டாள். இதுதாங்க, இதை வச்சுத்தான் என் புள்ளையை மயக்கியிருக்கா என்று சொல்லி, அடுப்பங்கரையிலிருந்து இடுக்கியைக் கொண்டுவந்து, ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டே அதைத் தூக்கிப் போய் கொல்லை முருங்கை மரத்தில் தொங்கவிட்டாள். கையால் தொடவில்லை. சால்வையையும் அலமாரிக்கு மேலே எறிந்துவிட்டாள். நான் கடிதத்தைப் படித்துப் பார்த்தால், மகனே, அது வெண்டைக்காய்! அவர்கள் ஊர் வெண்டைக்காய் அவ்வளவுதான் வளருமாம், கோத்துக் காயவைத்துக் குளிர்காலத்தில் சூப்பில் போடுவார்களாம். மாமிக்குச் சளி என்று ஃபாஜில் சொன்னார், இதைச் செய்து கொடுங்கள் என்று ஒரு பக்கம் முழுக்கச் செய்முறை எழுதியிருந்தாள். நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு போய் மரத்திலிருந்து செய்வினையை எடுத்துவந்து என் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன்.

நான் சமைப்பது பற்றி உனக்குத் தெரியும். சவூதியில், தம்மாமில் பதினெட்டு வருஷம் ரூமில் முறை வைத்துச் சமைத்தோம், என் முறை வருகிற அன்று ரூமே ஓட்டலுக்குப் போய்விடும். இருந்தாலும் உம்மா மெலிந்துகொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது. அவள் செவ்வாய்க்கிழமை பெண்கள் பயான் கேட்கப் போனால் சாயங்கால அசர் தொழுகைக்குத்தான் வருவாள், அந்த நேரத்தைக் குறித்துவைத்தேன். ஜாம்புவானோடையிலிருந்து காய்க் கூடை கொண்டுவரும் தங்கமணி வந்தது. கேரட் இருந்தது, பிஞ்சு அவரைக்காய் இருந்தது, மர்யம் எழுதிய ஒரு கிழங்குதான் என்னவென்று புரியவில்லை. மண்ணுக்குள்ளே விளையும், வெள்ளையாக இருக்கும், மணமாக இருக்கும் என்றேன், இந்தாங்க பாய் என்று இரண்டு முள்ளங்கியை எடுத்துப் போட்டது. மணம் இருக்கத்தான் செய்தது. கோழியையும் காய்களையும் வேகவைத்தேன், மாலையில் ஒரு துண்டை வெட்டி நூலோடு எலுமிச்சம்பழச் சாறு விட்டுத் தனியாக வேகவைத்தேன், அப்படிச் செய்தால் கொழகொழப்பு வராதாம், வெந்ததும் நூலை உருவிவிட்டு சூப்பில் சேர்க்க வேண்டும். நூல் பாதியில் அறுந்துபோனது, மிச்சம் எங்கே போனது என்று தேட நேரமில்லை. மைதாவை நெய்யில் வறுத்துக் கரைத்து, முட்டை மஞ்சள் கருவையும் தயிரையும் அடித்து வைத்துக்கொண்டு, சூப்பில் தயிரை ஊற்றாமல் தயிரில் சூப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அப்பப்பா, பெட்ரோமாக்ஸ் பற்றவைப்பதுகூட இதைவிட எளிது.

எல்லாம் முடிந்தது, உப்புதான் பாக்கி. ருசி பார்த்துப் போடவும் என்று எழுதியிருக்கிறாள் உன் மனைவி. நோன்பாளி எப்படி ருசி பார்ப்பது? நுனிநாக்கில் வைத்துத் துப்பிவிடலாம் என்பார்கள், ஆனால் அந்த வாசனைக்குத் துப்புகிற தைரியம் எனக்கு வரவில்லை. தங்கமணி தெருக்கோடியில்தான் போய்க்கொண்டிருந்தது, ஓடிப்போய்க் கூப்பிட்டுவந்து ஒரு கரண்டி கொடுத்தேன். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ரெண்டு கல்லு உப்பு போடுங்க பாய் என்றது, போட்டேன், இன்னொரு கரண்டி கேட்டது, இது என்ன ஊருச் சமையல் என்றது. பெருமை தாங்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாதே என்று மட்டும் சொல்ல மறந்துவிட்டேன்.

சாயங்காலம் பள்ளிவாசலுக்குக் கஞ்சி வாங்கப் போகும் தூக்குவாளியில் சூப்பை ஊற்றி உம்மா முன்னால் வைத்தேன். நோன்பு நாளில் பொய் சொல்லக்கூடாது, சொல்லவுமில்லை. தூக்கில் இருக்கிறது குடி என்றேன், பள்ளிவாசலிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை, அவளாக நினைத்துக்கொண்டாள். ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய். பிறகு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழுதும் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க என்றாள். ஃபாஜில், இத்தனை நாளில் அவள் வாயால் இன்னும் கொஞ்சம் என்று கேட்டது அன்றுதான், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மிளகுக் காரம் என்று சமாளித்தேன், அதில் மிளகே போடவில்லை. இன்னிக்குக் கஞ்சி முறை மீரா உசேன் வீடாச்சே, அவங்க ஆக்குப்புரையில புது ஆளு வந்திருக்கானா, கை மணக்குதே என்றாள். நான் பேரீச்சம்பழக் கொட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது கோப்பையில் ஏதோ பல்லில் மாட்டியது, இழுத்தால் சிவப்பு நூல், ஒரு சாண் நீளம். இது என்னங்க என்றாள். நூல் என்றேன். அதுவும் பொய்யில்லை.

அன்று அவள் இருமாமல் தூங்கினாள். மறுநாள் காலையில் தங்கமணி வாசலில் கூடையை இறக்கியதும் இறக்காததுமாக, நேத்து சூப்புக்கு உப்பு சரியா இருந்துச்சா அக்கா, உங்க கனடா மருமவ சொன்ன மாதிரியே பாய் வச்சாங்க, உப்பு மட்டும் நாந்தான் பார்த்தேன் என்றது. நான் உள்ளே செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தேன். உம்மா காய் வாங்கினாள், காசு கொடுத்தாள், கொல்லைக்குப் போய் முருங்கை மரத்தைப் பார்த்தாள், மாலை இல்லை, திரும்பி வந்தாள். நடுப்பகல் லுஹர் தொழுகை வரை பேச்சில்லை, லுஹருக்குப் பிறகும் பேச்சில்லை. அவள் திட்டினால் எனக்குப் பழக்கம், பேசாமல் இருந்தால் கை கால் ஓடாது. தூக்கை நான் ஏன் தொட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

அசர் தொழுதுவிட்டு முசல்லா விரிப்பில் உட்கார்ந்தபடியே, அந்தக் காயிதத்தைப் படிங்க என்றாள். இங்கிலீஷை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். செய்முறைக்குக் கீழே நாலு வரி இருந்ததே, நீயும் படித்திருப்பாய். என் உம்மா நோன்புக்கு நோன்பு இதைச் செய்வார், எங்கள் நாட்டுச் சண்டையில் அவர் மவுத்தான பிறகு எனக்கு இதைச் செய்துகொடுக்க ஆளில்லை, இதில் என்ன குறை என்று சொல்லவும் ஆளில்லை, மாமி குடித்துப் பார்த்து எது குறை என்று சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாள். உம்மா முக்காட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, உம்மா இல்லாத புள்ளைன்னு இந்தப் பய ஏங்க சொல்லலை என்றாள். சொன்னான், நீதான் கொல்லையில் இருந்தாய் என்றேன். அதற்கு என்னை ஒரு பார்வை பார்த்தாள், அது கிடக்கட்டும்.

எழுந்தாள். மாலையில மிச்சம் இருக்கா என்றாள். அரை முழம் இருந்தது, கொடுத்தேன், இந்தத் தடவை இடுக்கி கேட்கவில்லை. நான் வைத்த சூப்பை அவள் எப்படி மாற்றினாள் தெரியுமா, முள்ளங்கியைக் குறைத்து நாட்டுப் பரங்கிக்காயில் ஒரு கீற்று போட்டாள், இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டாள், தயிருக்குப் பதில் தேங்காய்ப்பால், இறக்கும்போது ஒரு பிடி முருங்கைக்கீரை. குளிருக்குத் தயிர் ஊத்துவாங்களா, இதைச் சொல்லிக்குடுக்கத்தான் அதுக்கு ஆளில்லை என்று அடுப்போடு பேசிக்கொண்டிருந்தாள். உப்பு பார்க்கத் தங்கமணியைத் தேடச் சொன்னாள், அது ஊருக்குப் போய்விட்டது, பிஸ்மி சொல்லி அவளே குத்துமதிப்பாகப் போட்டாள், கொஞ்சம் கூடத்தான், நான் சொல்லவில்லை. பிறகு நாலு தூக்கில் ஊற்றி, மீரா உசேன் வீடு, ஜெக்கரியா வீடு, எதிர்வீடு, அடுத்த வீடு என்று அவளே கொண்டுபோனாள். நானும் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு வாசலிலும் என்ன சொன்னாள் தெரியுமா? இது என் மருமகள் சொல்லிக்குடுத்த சூப்பு. என் மருமகள்! நாலு வாசல், நாலு தடவை, நான் எண்ணினேன். அந்தச் சால்வையும் தோளில் இருந்தது. இதுதானப்பா சேதி, இப்போது நீ சிரிக்கலாம், அழலாம், மர்யமைக் கூப்பிட்டுச் சொல்லலாம்.

இப்போது வீட்டில் அடுப்புக்கு மேலே கொடி கட்டி நம் ஊர் வெண்டைப்பிஞ்சைக் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறாள், வெயில் இல்லாததால் புகையில்தான் காய்கிறது, நான் அடுப்பங்கரைக்குள் போகும்போதெல்லாம் தலையில் இடிக்கிறது. காய்ந்ததும் மிளகோடும் முருங்கைக்கீரைப் பொடியோடும் அனுப்புவாளாம். நீ வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு ஆபீஸ் போகாதே, மர்யம் சமைக்கும்போது காயாவது நறுக்கிக் கொடு, தலையில் குல்லா இல்லாமல் வெளியே போகாதே, அவளையும் போகவிடாதே. கேட்டாளே எது குறை என்று, அதை நான் எழுதக்கூடாதாம், உம்மாவே சொல்வாளாம். எந்தப் பாஷையில் என்றேன். ஸலாம் ரெண்டு பேருக்கும் தெரியும், மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம் என்றாள்.

உங்கள் இரண்டு பேருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும் நல்ல சுகத்தையும் பரக்கத்தையும் தரட்டும், ஆமீன். ஒன்றை மறந்துவிடாதே. பெருநாள் அன்று தொழுகை முடிந்ததும் போன் செய்வாய் அல்லவா, முதலில் நீ பேசாதே, மர்யம் கையில் கொடு. இங்கே நானும் எடுக்க மாட்டேன். மணி அடித்ததும் இந்தத் தடவை கொல்லைக்குப் போகப்போவது நான்தான்.

இப்படிக்கு
துஆக்களுடன் உன் வாப்பா
செ. முகம்மது யூசுப்