தண்ணி பாட்டிலில் பெட்ரோல்

என் பிள்ளைகளைப் பெத்தவளுக்கு,

நான் சுகம். பிள்ளைகள் சுகமா? அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா?

இங்கே புல்வெட்டுற மெஷினுக்குப் பெட்ரோல் வைக்கச் சிவப்பு கேன் இருக்கு. கூட வேலை பார்க்கிற சோம்பேறி, அதைத் தூக்கக் கை நோகுதுன்னு தண்ணி பாட்டிலில் பிடிச்சு வச்சிருக்கான். தாகத்தில் ஒரு வாய் ஊத்திக்கிட்டேன். பயப்படாதே, விழுங்கலை, துப்பிட்டேன். சீ! "நாத்தம் தெரியலையாண்ணே?"ன்னு இளிக்கிறான். எப்படித் தெரியும்? என் கை, சட்டை, சோறு, தலையணை எல்லாமே அந்த நாத்தம்தான். மெஷின் சூடு ஆறுறதுக்குள்ளேயே பெட்ரோல் ஊத்துற கழுதை அவன். இனி நானேதான் ஊத்தப்போறேன்.

லீவில் ஊருக்கு வந்திருக்கிற எங்க சமையல்காரர்கிட்ட சோப்பும், உன் தலையணை உறை ஒண்ணும் கொடுத்தனுப்பு.

வேன்காரன் ஹாரன் அடிக்கிறான், முடிக்கிறேன். உறையைத் துவைச்சிடாதே.