மறுபடி அனுப்ப வேண்டாம்

நாள் 1 | 08:40

சீரிஸ் குறுங்கோளின் சுற்றுப்பாதை, பழைய மெயில் நிலையம். எழுதுபவர் பிலோமினா, மெயில் பொறுப்பு, பன்னிரண்டு வருட அனுபவம்.

உள்வெப்பம் 19. மின்சாரம் போதுமானது. வரிசையில் நிற்கும் மெயில்கள் 212.

சர்வர் இடமாற்றம் இன்று தொடங்குகிறது. இனி சீரிஸ் குடியிருப்பின் மெயில்கள் எல்லாம் கீழே, வெண்பள்ளத்தில் வைத்திருக்கும் புது சர்வருக்குப் போகும். இந்த நிலையம் மூடப்படும். இந்தக் குறிப்பைப் பின்னால் யாராவது கண்டெடுத்தால் புரிய வேண்டுமே என்று கொஞ்சம் விளக்கி எழுதுகிறேன். மெயில் ஆட்களின் பேச்சு மெயில் ஆட்களுக்கே பாதி புரியாது.

மெயில் அனுப்ப விரும்பும் எந்த இயந்திரமும் முதலில் டிஎன்எஸ் பதிவேட்டைக் கேட்கும்: சீரிஸ் மெயிலை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? பதிவேடு முகவரியைச் சொல்லும். கூடவே, அந்தப் பதிலை எத்தனை காலம் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லும். அதுவரை கேட்டவர் மறுபடி கேட்கமாட்டார். நினைவுக்காலத்தை முப்பது நாள் என்று வைத்தவள் நான்தான். தூரத்துக் கப்பல்கள் அடிக்கடி கேட்டு மின்சாரத்தை வீணாக்கக் கூடாது என்பதற்காக.

இன்று காலை அதை ஒரு மணி நேரமாகக் குறைத்தேன். முகவரியை மாற்றும் முன் செய்யவேண்டிய முதல் வேலை அது.

நாள் 2 | 10:15

பதிவேட்டைக் கடைசியாக யார் யார் கேட்டார்கள் என்று பார்த்தேன். ஒரே ஒரு சிக்கல். ‘கயல்’ என்ற கப்பல், நான் நினைவுக்காலத்தைக் குறைப்பதற்குச் சில மணி நேரம் முன்னால் கேட்டிருக்கிறது. ஆகவே முப்பதாம் நாள் வரை அதன் மெயில்கள் இங்கேதான் வரும். புது முகவரி அதற்குத் தெரியாது.

கயலில் ஏழு பேர். பனிக்கட்டி தோண்டப் போனவர்கள், திரும்பி வருகிறார்கள். அதில் ஒருவர் என் கணவர் தேவசகாயம்.

கயலின் வானொலி சும்மா கேட்டுக்கொண்டிருக்காது. மெயில் அனுப்பும்போது மட்டும் திறக்கும். அனுப்பிய இடத்திலிருந்து பதில் வருகிறதா என்று ஒரு மணி நேரம் கேட்கும். வராவிட்டால் ஆறு மணி நேரம் கழித்து மறுபடி அனுப்பும். வந்துவிட்டால் மூடிக்கொள்ளும். அந்தக் கப்பலில் மின்சாரம் அவ்வளவுதான். ஆன்டெனாவுக்குக் கொடுத்தால் ஹீட்டருக்கு இல்லை.

இருபத்தாறாம் நாள் அவர்கள் வேகத்தைக் குறைக்க இன்ஜினை எரிக்க வேண்டும். அதற்கு முன் தங்கள் இருப்பிட அளவீட்டை மெயிலில் அனுப்புவார்கள். வெண்பள்ளத்தில் கணக்குப் போட்டு எந்தத் திசையில், எத்தனை நொடி என்று பதில் அனுப்புவார்கள். அந்தப் பதில் கிடைக்காவிட்டால் கயல் சீரிஸைத் தாண்டிப் போய்விடும். திரும்பி வர எரிபொருள் கிடையாது. பிடித்து வரும் வேகம் இங்கே எந்தக் கப்பலுக்கும் கிடையாது.

ஆக, பழைய சர்வர் முப்பதாம் நாள் வரை ஓட வேண்டும். வரும் மெயிலைக் கீழே தள்ளிவிட்டு, பதிலை வாங்கி மேலே அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நாள் 5 | 14:30

தலைமையகத்தின் திட்டத்தில் பத்தாம் நாளே சர்வரை நிறுத்தவேண்டும் என்று இருக்கிறது. சண்டை போட்டேன். மேலாளர் சக்கரபாணியிடமிருந்து வந்த குரல்செய்தி:

“இதோ பாருங்கம்மா, ஒரு கப்பலுக்காக ஒரு ஸ்டேஷனையே ஓட்டச் சொல்றீங்க. சரி, ஓட்டுங்க. ஆனா பட்டியல்ல இருக்கிற மத்த வேலையெல்லாம் கெடுவுக்குள்ள முடிச்சு டிக் போட்டுடணும். எனக்கு மேல இருக்கிறவங்க டிக்கைத்தான் பாப்பாங்க.”

ஒப்புக்கொண்டேன். அந்த மனிதர் இறங்கி வந்ததே அதிசயம்.

நாள் 9 | 16:00

என்னோடு இங்கே வேலை பார்த்த நான்கு பேரும் இறக்குக்கலத்தில் கீழே போய்விட்டார்கள். எனக்கான கலம் முப்பதாம் நாள் வரும். நிலையத்தில் நான் மட்டும். கேட்பாரில்லாமல் பாட்டுப் போடலாம். போட்டேன்.

நாள் 12 | 15:10

பட்டியலில் மீதி இருந்த வேலைகளை முடித்தேன். அஞ்சல் பெட்டிகள் 4,106, எல்லாம் கீழே போய்ச் சேர்ந்தன. பழைய கடவுச்சொற்கள் அழிந்தன. கடைசி வரி: ‘சீரிஸ் பெயரில் மெயில் சுமக்கும் அனுமதிப் பட்டியலிலிருந்து பழைய நிலையத்தை நீக்கு.’ அந்தப் பட்டியலும் பதிவேட்டில்தான் இருக்கிறது. போலி மெயில்களைத் தடுக்க வைத்தது. 14:00 மணிக்கு நீக்கினேன்.

நீக்கியதால் கயல் மெயிலுக்குத் தொல்லை வருமோ என்று ஒரு மணி நேரம் கழித்துச் சோதனை மெயில் விட்டேன். கயல் அனுப்பியதுபோல, இந்த நிலையம் வழியாக, வெண்பள்ளத்துக்கு. சுத்தமாகப் போய்ச் சேர்ந்தது. கீழே புது சர்வரைப் பார்த்துக்கொள்ளும் கமருதீனும் உறுதி செய்தான்: “வந்துருச்சுக்கா. சூப்பரா இருக்கு.”

டிக் போட்டேன்.

நாள் 15 | 11:40

கயலின் வாராந்தர மெயில் வந்தது. கீழே போனது, பதில் வந்தது, மேலே அனுப்பினேன். பதினோரு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. கூடவே தேவசகாயத்திடமிருந்து எனக்கு ஒரு தனி மெயில்:

“பிள்ளே, சொகமா? இங்க ஆஸ்டின் வச்ச சாம்பாரத் தின்னு தின்னு நாக்கு செத்துப் போச்சு. தலைவருக்கு முட்டுவலி. மத்தபடி ஒண்ணுமில்ல. இன்னும் பதினோரு நாளு, கேட்டியா. பிரேக் போட்டாச்சுன்னா பின்ன வீடுதான்.”

மூன்று முறை படித்தேன். வயது நாற்பத்தெட்டு. வெட்கமாக இல்லை.

நாள் 23 | 11:20

கயலின் அளவீட்டு மெயில் வந்துவிட்டது. சர்வர் வாங்கிக்கொண்டது. கீழே அனுப்பும் வரிசையில் நிற்கிறது. நிம்மதி.

இங்கே சுடுதண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவைதான், இந்த நேரத்தில்தான் வரும். குளித்துவிட்டு வந்து பதிலை அனுப்புகிறேன்.

நாள் 23 | 11:52

மெயில் இன்னும் வரிசையில் நிற்கிறது. கீழே போகவில்லை.

புது சர்வரின் பதில்: ‘தற்காலிக மறுப்பு. கொண்டுவந்தவர் அனுமதிப் பட்டியலில் இல்லை. பிறகு முயலவும்.’

பட்டியலிலிருந்து நீக்கியவள் நான். சோதித்தவளும் நான். சோதித்தபோது புது சர்வர் பழைய பட்டியலையே நினைவில் வைத்திருந்தது. ஏழு நாள் நினைவு. அதனால்தான் சோதனை மெயில் போனது. பதினைந்தாம் நாள் மெயிலும் போனது. பத்தொன்பதாம் நாள் அது மறந்துவிட்டுப் புதுப் பட்டியலைப் படித்திருக்கிறது. நினைவுக்காலத்தைப் பற்றி இந்தக் குறிப்பில் பாடம் நடத்தியவளுக்கு, கீழே இருக்கிற சர்வருக்கும் நினைவு உண்டு என்று தோன்றவில்லை.

பரவாயில்லை. கமருதீனைக் கூப்பிட்டுவிட்டேன். கையால் திறந்துவிடுகிறான். கயல் 12:20 வரை கேட்கும்.

நாள் 23 | 12:06

அளவீடு கீழே போனது. கணக்கு வந்துவிட்டது. எரிக்கவேண்டிய நேரம் 94 நொடி. திசை எண்கள் கையில். மேலே அனுப்புகிறேன்.

கயல் எடுக்கவில்லை.

நாள் 23 | 12:20

எடுக்கவில்லை.

நாள் 23 | 13:45

ஏன் என்று தெரிந்துவிட்டது. எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

மெயில் உடனே போகாமல் வரிசையில் நின்றால், சர்வர் அனுப்பியவருக்குத் தானாக ஓர் அறிவிப்பு அனுப்பும். உலகத்தில் எல்லா சர்வரும் செய்வதுதான். கப்பல்கள் ஒரு மணி நேரம்தான் கேட்கும் என்பதால், கப்பல்களுக்கு மட்டும் அதைப் பதினைந்தாவது நிமிடமே அனுப்பும்படி வைத்திருந்தேன். 11:35க்கு அது போயிருக்கிறது. நான் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அதன் வாசகம், என்றைக்கோ நான் எழுதியது:

“வணக்கம். உங்கள் மெயில் பத்திரமாக எங்களிடம் இருக்கிறது. போய்ச் சேரச் சிறிது தாமதமாகிறது. ஐந்து நாள் வரை நாங்களே முயன்றுகொண்டிருப்போம். மறுபடி அனுப்ப வேண்டாம். பிலோமினா, மெயில் பொறுப்பு.”

தூரத்தில் தனியாக இருப்பவர்கள் பயந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துப் பார்த்து எழுதினேன். கயலுக்கு அது பதில். பதில் வந்துவிட்டதால் வானொலியை மூடிவிட்டது. அறிவிப்பில் சொன்ன ஐந்து நாள் கழித்துத்தான் இனி திறக்கும்.

இன்ஜின் எரிக்கவேண்டிய நாள் மூன்று நாளில்.

நாள் 24 | 09:00

நிலையத்தின் பெரிய ஆன்டெனாவால் இடைவிடாமல் எண்களை அனுப்புகிறேன். மூடிய காதில் எத்தனை கத்தினாலும் ஒன்றுதான் என்று தெரியும். இருந்தாலும் அனுப்புகிறேன்.

அவர்கள் நினைத்தால் கையால் திறக்கலாம். ஒரே ஒரு சுவிட்ச். யாருக்காவது சந்தேகம் வரவேண்டும். என் கணவர் சந்தேகக்காரர் இல்லை. கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் நான் சொன்ன எதையும் இவர் இரண்டாம் தடவை கேட்டதில்லை. அதற்காக இன்று அவர்மேல் கோபம் வருகிறது.

நாள் 25 | 17:30

திறக்கவில்லை. அழுதேன். கமருதீன் கீழேயிருந்து பேசிக்கொண்டே இருக்கிறான். “அக்கா, சாப்ட்டீங்களா? அக்கா, லைன்ல இருக்கீங்களா?” பாவம், அவனுக்கு வேறென்ன சொல்லத் தெரியும்.

நாள் 26 | 13:12

எரிக்கவேண்டிய நேரம் கடந்தது. தொலைநோக்கியில் பார்த்தேன். சுடர் எதுவும் இல்லை. சின்னப் புள்ளி, அதே வேகம், அதே நேர்கோடு.

நாள் 28 | 11:35

கயல் திறந்தது.

“பிள்ளே, பதிலு இன்னும் வரல்ல. பிரேக் நேரமும் போச்சு, அஞ்சு நாளுன்னு எழுதியிருந்ததால பிரேக்கைத் தள்ளி வச்சாச்சுன்னு நெனச்சு இருந்துட்டோம். இனி என்ன செய்யணும்னு அங்க கணக்கு வச்சிருப்பியன்னு நெனைக்கேன், சீக்கிரம் அனுப்பு. வேலாயுதன் அன்னைக்கே மறுபடி அனுப்பிப் பாப்போம்னு சொன்னான். நாந்தான் வேண்டாம்னேன். ‘மினா கைப்பட எழுதியிருக்கா, வேண்டாம்னா வேண்டாம்தான், அவளுக்கு அங்க ஆயிரம் சோலி கெடக்கும்’னேன். பயலுவ எல்லாம் எம் பேச்சைக் கேட்டுச் சும்மா இருந்தானுவ. நீ வெசனப்படாத.”

ஒரு மணி நேரம் இருக்கிறது.

கமருதீனிடம் கேட்டேன். பதில்: “நாலு விதமா கணக்குப் போட்டாச்சுக்கா. இனிமே திருப்ப முடியாது. சக்கரபாணி சார் சொல்றாரு, அவங்களுக்கு உண்மைய இப்ப சொல்ல வேணாமாம். பாத்துக்கிட்டு இருக்கோம்னு மட்டும் அனுப்பச் சொல்றாரு.”

பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற மெயிலை ஏற்கெனவே ஒன்று அனுப்பிவிட்டேன்.

நாள் 28 | 12:31

உண்மையை அனுப்பினேன். நான் நீக்கிய வரி, நான் எழுதிய அறிவிப்பு, நான் குளிக்கப் போனது, எல்லாம். திரும்ப வழியில்லை என்பதையும். 12:29க்கு அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

நாள் 30 | 10:00

இறக்குக்கலம் வந்தது. ஏறவில்லை. வெண்பள்ளத்தின் ஆன்டெனா சிறியது. இன்னும் பத்து நாளில் கயல் அதற்கு எட்டாது. இங்கிருக்கும் பெரியது வருடக்கணக்கில் எட்டும். கலத்திலிருந்த உணவுப்பெட்டிகளை இறக்கிக்கொண்டேன். சக்கரபாணி ஏதேதோ சொன்னார். காதில் வாங்கவில்லை.

கயலின் நினைவு இன்று காலாவதியாகிறது. அதற்கு மட்டும் இந்த நிலையத்தையே முகவரியாகப் பதிவேட்டில் வைத்தேன்.

நாள் 31 | 18:20

“மினா. படிச்சோம். ஆஸ்டின் சத்தம் போட்டான், பின்ன அவனே வந்து எங்கிட்ட இருந்தான். தலைவரு சாப்பாட்டுப் பெட்டிய எண்ணப் போனாரு. எனக்கு ஒம் பேர்ல கோவம் இருக்கான்னு பாத்தேன். நேத்து இருந்துச்சு. இன்னைக்கு இல்ல. நாளைக்கு வந்தாலும் வரும். அதுக்காவ எழுதாம இருந்துராத. ஹீட்டரைக் கொறச்சு ஆன்டெனாவுக்கு வைக்கோம். சாப்பாடு நாப்பது நாளைக்கு வரும்.”

நாள் 52 | 11:00

தினமும் எழுதுகிறோம். ஏழு பேரின் வீட்டாரும் கீழேயிருந்து என் வழியாக அனுப்புகிறார்கள். ஆஸ்டினின் அம்மா என்னைத் திட்டி எழுதிய மெயிலை அந்த அம்மாவே மகனுக்கும் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். மெயில் பொறுப்பு என்றால் அதுவும்தான்.

நாள் 66 | 09:15

“பிள்ளே, இங்க குளிரு. வேலாயுதனும் தலைவரும் இல்ல இப்ப. வெரலு சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்கு. நீ எழுது. நான் வாசிச்சுட்டு இருப்பேன்.”

நாள் 71

ஐந்து நாளாக மெயில் வரவில்லை. கப்பலின் இயந்திரம் மட்டும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை இருப்பிடத்தை அனுப்புகிறது.

நாள் 83

இயந்திரம் மட்டும்.

நாள் 97

இதைக் கண்டெடுப்பவருக்கு. சர்வரை நிறுத்திவிடாதீர்கள். மின்சாரம் இருக்கிறது, நான் இல்லாவிட்டாலும் ஓடும். கயல் இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் நான் எழுதியதை ஒழுங்காக வாங்கிக்கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் ரசீது தருகிறது.

அறுபத்தாறாம் நாளுக்குப் பிறகு முப்பத்தொரு மெயில் எழுதினேன். முப்பத்தொன்றும் போய்ச் சேர்ந்துவிட்டன. ஒன்றையும் யாரும் திறக்கவில்லை.

முப்பத்திரண்டாவதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.